பிளாஸ்கில் ஐஸ் சத்தம்

"முதல்ல நீ ஆறு. சோடா எங்கயும் ஓடிப்போகாது."

குளிர்பான அறையின் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து தாங் சூயுன் இதைச் சொல்லாத கோடை நாள் கிடையாது. ஷாங்காயில் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த அந்த எஃகு ஆலையில், இதைக் கேட்டுப் பல்லைக் கடிக்காத உலைக்காரனும் கிடையாது. அதிகமாகக் கடித்தவர் மூன்றாம் உலையின் மேஸ்திரி வூ தாலின்.

"அக்கா, எனக்குப் பின்னாடி உலை காத்துக்கிட்டு நிக்குது."

"நிக்கட்டும். அதுக்கு எரிஞ்சு எரிஞ்சு பழக்கம். நீ உட்காரு."

"உட்கார்ந்துட்டேன்."

"எங்க உட்கார்ந்தே? ஓடறதுக்குத் தயாரா ஒரு காலைத் தூக்கிக்கிட்டுக் குந்தியிருக்கே. வாய் கொப்பளிச்சியா?"

"கொப்பளிச்சேன்."

"பொய். குழாய்ச் சத்தமே கேட்கலை."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாலின் எழுந்து போய், ஆலை முழுக்கக் கேட்கிற மாதிரி கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார்.

சூயுனின் ஒழுங்கு இதுதான். உலையிலிருந்து வருகிறவன் கான்வாஸ் சட்டையின் பொத்தானைக் கழற்ற வேண்டும். கழுத்துத் துண்டால் முகத்தையும் மார்பையும் துடைக்க வேண்டும். வாயைக் கொப்பளித்துவிட்டு, சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் இருக்கிற உப்புத் தேநீரில் அரைக் குவளை குடிக்க வேண்டும். அதன் பிறகும் ஐஸ் குளிர்ச்சியில் இருக்கும் உப்பு சோடா உடனே கைக்கு வராது. அவள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, மோவாயைத்தான் பார்ப்பாள். மோவாயிலிருந்து வியர்வை சொட்டுவது நின்றால்தான் பாட்டில் ஜன்னலைத் தாண்டும். அந்தப் பாட்டிலையும் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பாள், வாய்விளிம்பில் விரலை ஓட்டுவாள், எள்ளளவு சில்லு போயிருந்தாலும் ஒதுக்கிவிடுவாள். ஒரு நாளைக்கு எண்ணூறு பாட்டில், எண்ணூறுக்கும் இதே மரியாதை.

ஒன்பது கோடைகளுக்கு முன்னால், அவள் அந்த ஜன்னலுக்கு வந்த முதல் வாரத்தில், காளை மாதிரி இருந்த ஒருவன் உலையிலிருந்து நேராக ஓடிவந்து இரண்டு பாட்டிலை ஒரே மூச்சில் கவிழ்த்தான். பத்தடி நடந்திருப்பான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு மணலில் விழுந்தான். பிழைத்துக்கொண்டான் என்றாலும், இன்னும் நாலடி தள்ளி விழுந்திருந்தால் அங்கே இருந்தது மணல் இல்லை, சிவக்கச் சிவக்க ஓடுகிற இரும்பு. மறுநாளே எங்கிருந்தோ ஒரு பெஞ்சை இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலுக்கு முன்னால் போட்டாள் சூயுன்.

அந்தப் பெஞ்சுதான் தாலினின் கண்ணை உறுத்தியது. உலைகளுக்கிடையே உற்பத்திப் போட்டி நடக்கிற மாதம் அது. திங்கட்கிழமை அவர் ஒரு புகார் எழுதினார். 'குளிர்பான அறைக்கு முன்னால் உள்ள பெஞ்சை அகற்ற வேண்டும். உலையில் நிற்பவனுக்கு உட்கார நேரமில்லை. ஐஸ் போட்ட வாளிகளை உலைக்கே அனுப்ப வேண்டும்.' எழுதியதைத் தன் ஆட்களுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, பூட்டியிருக்கும் கருத்துப் பெட்டியில் போட்டார். பெட்டியைச் சனிக்கிழமை திறப்பார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் விஷயம் சூயுனின் காதுக்குப் போய்விட்டது. அன்றும் பாட்டிலை நீட்டும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்:

"எழுதறதுக்கு நேரம் இருந்திருக்கு. உட்காரத்தான் நேரமில்லை போல."

வியாழக்கிழமை விடியும்போதே காற்று செத்துக் கிடந்தது. எட்டு மணிக்கெல்லாம் வெயில் தகரக் கூரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. ஒன்பது மணிக்கு குளிர்பான அறையின் குளிரூட்டும் இயந்திரம் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மெக்கானிக் வந்து பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், நாளைக் காலை வரை ஆகும் என்றான்.

தாலினுக்கு மற்ற எந்த நாளாக இருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்குத்தான் அவருடைய மகள் யாச்சின் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருகிறாள்.

எட்டு வயதுக் குழந்தை. தொண்டைச் சதையை அறுத்தெடுத்து ஏழு நாள் ஆகியிருந்தது. அறுவைக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்போதுதான் தாலின் அவள் காதில் சொன்னார்: "நீ வீட்டுக்கு வர்ற அன்னிக்கு அப்பா பிளாஸ்க் நிறைய கொண்டு வர்றேன். சந்து முனையில வரும்போதே ஐஸ் கலகலன்னு உனக்குக் கேட்கும். சந்துல இருக்கிற அத்தனை பிள்ளைங்களுக்கும் கேட்கும்." குழந்தை கட்டில் காலை விட்டது.

அவர் குடியிருந்த சந்தில் குச்சி ஐஸ் யார் வேண்டுமானாலும் வாங்கித் தின்னலாம். ஆனால் எஃகு ஆலையில் வேலை செய்கிற அப்பா பிளாஸ்கோடு சைக்கிளில் வரும்போது உள்ளே ஐஸ் மோதும் சத்தம் கேட்கும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு ஒரு தனி கௌரவம் இருந்தது. வேலை முடிந்து போகும்போது சூயுனின் ஜன்னலில் ஆளுக்கு ஒரு பிளாஸ்க் பாசிப்பயறுத் தண்ணீர் வீட்டுக்குக் கிடைக்கும். காய்ச்சி வடிகட்டி, சர்க்கரை போட்டு, ஐஸ் துண்டுகளோடு. மருத்துவரும் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டார்: "தாராளமா குளிர்ச்சியா குடுங்க. தொண்டைக்கு இதம்தான்."

பதினோரு மணிக்குத் தாலின் ஜன்னலுக்கு வந்தார். அன்றைக்கு அவர் யாரும் சொல்லாமலே பெஞ்சில் உட்கார்ந்தது, பக்கத்தில் இருந்த அவர் உலை ஆள் குண்டு ஜூவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அக்கா, வீட்டுக்குக் குடுக்கற தண்ணில கொஞ்சம் ஐஸ் மட்டும்."

"இயந்திரம் நின்னுபோச்சு தாலின். காலைலேர்ந்து பானையைத் தொட்டில வச்சுக் கிணத்துத் தண்ணிய மாத்தி மாத்தி ஊத்திக்கிட்டு இருக்கேன். குளுகுளுன்னுதான் இருக்கும். ஐஸ் கிடையாது."

"ஒரு கைப்பிடி."

"ஒரு கைப்பிடி இருந்தா நான் ஏன் வாளி தூக்கிக்கிட்டு இருக்கேன்? என் கையைப் பாரு."

தோள் வரை நனைந்திருந்த கை. தாலின் பார்க்கவில்லை. மகளுக்குச் சொன்ன வார்த்தை மட்டும் அவர் மண்டைக்குள் கலகலத்துக்கொண்டிருந்தது.

உலைக்குத் திரும்பினார். அங்கே ராட்சத விசிறிக்கு முன்னால், தகரத் தொட்டியில், ஆளுயர ஐஸ் பார்கள் நான்கு நின்றிருந்தன. கோடையில் தினமும் வண்டியில் வந்து இறங்குகிறவைதான். விசிறி அவற்றின் மேல் பட்டு வரும் காற்றுதான் உலைக்காரர்களின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. 'குளிர்விக்க மட்டும்' என்று எழுதிய பலகை ஒன்று தொட்டியோடு வரும். அதைக் குண்டு ஜூ மூன்று வாரமாக உட்காரும் பலகையாக வைத்திருந்தான்.

பார் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் நிற்பவனின் முகம் தெரிந்தது.

"என்ன மேஸ்திரி, இதையே வெறிச்சுப் பார்க்கிறீங்க?" என்றான் ஜூ.

"இதுல ஒரு துண்டு எடுத்தா என்ன?"

"எடுக்கறதுதானே. உறைஞ்சா கிருமி செத்துடும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் காலைல ரெண்டு துண்டு வாயில போட்டேன். பாருங்க, கல்லு மாதிரி இருக்கேன்."

"நீ எப்பவுமே கல்லு மாதிரிதான் இருக்கே. அதுக்கு ஐஸ் வேண்டாம்."

சொன்னாரே தவிர, தாலின் கம்பியால் ஒரு மூலையைத் தட்டினார். சில்லென்று ஒரு துண்டு கையில் விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார், உலையின் மற்ற ஆட்களும் ஆளுக்கொரு சில்லு வாயில் போட்டார்கள், ருசியில் எந்த வித்தியாசமும் இல்லை. இன்னும் ஐந்தாறு துண்டு தட்டி, குழாயில் மூன்று தடவை கழுவி, தேநீர்க் கொதிகலனில் பிடித்து ஆறவைத்திருந்த தண்ணீரோடு சேர்த்துப் பிளாஸ்கில் போட்டு மூடினார். குலுக்கினார். கலகலவென்றது. அவர் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

இரண்டு மணிக்கு வேலைமுறை முடிந்தது. சூயுனின் ஜன்னலில் முப்பது பேர் பிளாஸ்கோடு வரிசையில் நின்றார்கள். தாலின் வரிசையைப் பார்க்காத மாதிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கையிலிருந்த அகப்பை அந்தரத்தில் நிற்க, சூயுன் தலையைத் தூக்கினாள்.

"தாலின்."

அவர் திரும்பவில்லை.

"ஒன்பது வருஷத்துல ஒரு நாள்கூட நீ என் ஜன்னலைத் தாண்டிப் போனதில்லை. புகார் எழுதின அன்னிக்குக்கூட பிளாஸ்க் நீட்டினே."

"இன்னிக்கு வேண்டாம் அக்கா. அவசரம்."

சைக்கிள் வாசல் மேட்டில் ஏறி இறங்கியது. கைப்பிடியில் தொங்கிய பிளாஸ்க் கலகலவென்றது.

இத்தனை பேச்சுச் சத்தத்துக்கு நடுவே, இத்தனை தூரத்திலிருந்து அந்தச் சத்தத்தைப் பிடிக்க ஒரு காது வேண்டும். சூயுனுக்கு அந்தக் காது இருந்தது. ஆலையில் அன்றைக்குக் குடிக்கிற ஐஸ் ஒரு துணுக்கும் கிடையாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அகப்பையை வைத்தாள். மேல்தட்டில் தன் வீட்டுக்கென்று நிரப்பி வைத்திருந்த பச்சைப் பிளாஸ்கை எடுத்தாள். ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"அக்கா, என்ன இது? முப்பது பேர் நிக்கிறோம்."

"நிக்காதீங்க. உட்காருங்க. வந்துடறேன்."

ஆற்றைக் கடக்கும் படகுக்காகத் தாலின் துறையில் நின்றிருந்தார். படகுக்காரன் சங்கிலியைத் திறந்து ஆட்களையும் சைக்கிள்களையும் உள்ளே விட்டு, மறுபடி சங்கிலியை மாட்டப் போகும் நேரத்தில், வெள்ளைத் தொப்பியும் நனைந்த ஏப்ரனுமாக ஒரு பெண் குனிந்து உள்ளே நுழைந்தாள். தாலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அக்கா, புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி ஆத்தைத் தாண்டி வர்றியா?"

அவளுக்கு ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. கயிற்றுச் சுருள் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். கழுத்துத் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். தாலின் நின்றார். படகு கிளம்பியது. அவள் மோவாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சிறிது கழித்து இன்னொன்று. மூன்றாவது விழவே இல்லை.

தாலின் தன்னையறியாமல் அதை எண்ணிக்கொண்டிருந்தார். எந்த அவசரத்திலும் தன் சட்டத்தைத் தனக்கே முதலில் போட்டுக்கொள்கிற ஒருத்தியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. எரிச்சலோடு எரிச்சலாக, 'இவ பெரிய ஆளுதான்' என்று ஒரு நினைப்பும் வந்து போனது.

"பிளாஸ்க்ல என்ன?" என்றாள்.

"தண்ணி."

"தண்ணி கலகலங்காது."

"கொஞ்சம் ஐஸ். தொண்டை ஆபரேஷன் முடிஞ்சு பொண்ணு இன்னிக்கு வீட்டுக்கு வந்திருக்கா அக்கா. வாக்குக் குடுத்திருக்கேன். கத்தி வைக்கக் கூட்டிட்டுப் போகும்போது அதைச் சொல்லித்தான் கட்டில் காலை விட வச்சேன்."

"விசிறி முன்னாடி நிக்குதே, அந்தப் பாரா?"

"மூணு தடவை கழுவினேன்."

"நிலக்கரியை முந்நூறு தடவை கழுவேன், வெளுக்குதான்னு பார்ப்போம்."

"உறைஞ்சா கிருமி செத்துடும்னு..."

"யார் சொன்னா?"

"ஜூ."

"போன வருஷம் தர்பூசணியைக் கிணத்துல போடறதுக்குப் பதிலா மூத்திரத் தொட்டில போட்டவன்தானே அவன்? உறைஞ்சா கிருமி சாகாது தாலின். தூங்கும். உள்ளே இறங்கிச் சூடு பட்டதும் எழுந்து உட்காரும். உன் பொண்ணு தொண்டைல இப்பத்தான் அறுத்து எடுத்திருக்காங்க. கதவில்லாத வீடு அது."

"நாங்க ஏழு பேரும் நாக்குல வச்சுப் பார்த்தோம். ஒண்ணும் ஆகலை."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு இருக்கும்."

"மணி இப்ப ரெண்டேகால். நாளைக் காலைல வந்து சொல்லு ஒண்ணும் ஆகலைன்னு." அவள் எழுந்து கைப்பிடிக் கம்பியருகே போனாள். "அந்தப் பார் எங்கேர்ந்து வருது தெரியுமா? மீன் படகுக்கு ஐஸ் போடற இடத்துலேர்ந்து. அங்க தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கேட்கறியா? எட்டிப் பாரு."

தாலின் எட்டிப் பார்த்தார். கீழே ஹுவாங்பு ஆறு பழுப்பாக நகர்ந்துகொண்டிருந்தது. எண்ணெய்ப் படலம், தர்பூசணித் தோல், ஒரு செருப்பு. நிலக்கரிப் படகுக்குப் பின்னால் குப்பைப் படகு போய்க்கொண்டிருந்தது.

"இதை ஒரு குவளை மொண்டு தர்றேன். நீ குடி. குடிச்சிட்டா உன் புகார்ல நானே கையெழுத்துப் போடறேன். பெஞ்சையும் நானே தூக்கி எறியறேன்."

பக்கத்தில் கூடையோடு நின்றிருந்த ஒருத்தி, "குடிக்காதீங்கண்ணே," என்றாள் அக்கறையாக.

தாலினுக்குக் காது சிவந்தது. அவர் சுலபத்தில் தோற்கிற ஆள் இல்லை. பிளாஸ்கைத் திறந்து மூடியில் கொஞ்சம் சாய்த்தார். "பாரு. கண்ணாடி மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். அந்தத் துண்டு கரையட்டும். நமக்கு என்ன அவசரம்?"

மூடியிலிருந்த ஐஸ் துண்டு அந்த வெயிலில் கண் முன்னாலேயே இளைத்தது. படகு நடு ஆற்றில் இருந்தது. துண்டு புளியங்கொட்டை அளவாகி, அப்புறம் அரிசி அளவாகி, இல்லாமல் போனது. அடியில் ஏதோ ஒன்று மினுங்கியது. தாலின் மூடியை முகத்தருகே கொண்டுபோனார். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும், ஒரு மீன் செதில். கூடவே மீன் வாடை.

அந்தச் செதில் குழந்தையின் கரண்டியில் கிடப்பதைத்தான் அவர் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிளாஸ்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஐஸ் துண்டுகள் ஆற்றில் விழுந்து, ஒரு கணம் வெள்ளையாக மிதந்து, அலையோடு போயின. ஆறு தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

"இப்ப அவகிட்ட என்ன சொல்றது?" என்றார். மேஸ்திரியின் குரலாக இல்லை அது.

"உன் பிளாஸ்கை இப்படிக் குடு. நான் கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்து நாளைக்குத் தர்றேன். இதைப் பிடி. பாசிப்பயறுத் தண்ணி. காய்ச்சினது, கிணத்துக் குளிர்ச்சில இருக்கு."

"இது உன் வீட்டுக்கு வச்சிருந்ததாச்சே."

"என் வீட்டுக்காரர் இன்னிக்கு ஒரு நாள் வெந்நீர் குடிக்கட்டும். தினமும் உபதேசம் பண்றவர்தானே, வெந்நீர்தான் உடம்புக்கு நல்லதுன்னு."

தாலின் பச்சைப் பிளாஸ்கைக் குலுக்கினார். மந்தமாக ஒரு சளப் சத்தம்தான் வந்தது.

"கலகலங்கலையே அக்கா."

"படகு கரை சேரட்டும்."

மேற்குக் கரையில் இறங்கினதும் எதிரே, மரப்பெட்டியைப் பஞ்சுமெத்தையால் போர்த்தி வைத்துக்கொண்டு, கட்டையால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள் குச்சி ஐஸ்காரி. சூயுன் நேராக அங்கே போனாள்.

"ஆரஞ்சு நாலு இருக்கு, பாசிப்பயறு அஞ்சு இருக்கு," என்றாள் ஐஸ்காரி.

தாலின் ஆரஞ்சுக்குக் கை நீட்டினார். சூயுன் அந்தக் கையைத் தட்டினாள்.

"புளிப்பு புண்ணுல பட்டா குழந்தை கத்திக் கூரையைப் பிச்சிடும். பாசிப்பயறு எடு. பொறு, நான் எடுக்கறேன்."

ஒன்றை எடுத்து, காகிதத்தோடு திருப்பினாள். "இது குச்சி கோணிப்போயிருக்கு. ஒரு தடவை உருகி மறுபடி உறைஞ்சது." வைத்துவிட்டாள். அடுத்ததை விரலால் அழுத்தினாள். "இது மூலை மழுங்கிப்போயிருக்கு." அதையும் வைத்தாள்.

"குச்சி ஐஸ் வாங்கறியா, உன் பையனுக்குப் பொண்ணு பார்க்கறியா?" என்றாள் ஐஸ்காரி.

"பொண்ணு பார்க்கறதா இருந்தா இவ்வளவு பார்க்க மாட்டேன். அந்த அடியில இருக்கறதைக் காட்டு."

அடியிலிருந்து வந்த இரண்டும் செங்கல் மாதிரி விளிம்பு கூராக இருந்தன. காகிதத்தில் அரசுக் குளிர்பானத் தொழிற்கூடத்தின் முத்திரை நேராக, மசி பரவாமல் இருந்தது. சூயுன் திருப்தியோடு தலையாட்டினாள். தாலின் காசு கொடுத்தார்.

"இங்க தண்ணியைக் கொதிக்க வச்சுத்தான் உறைய வைக்கிறாங்க. நான் அங்க ஒரு மாசம் பயிற்சிக்குப் போனவ, என் கண்ணால பார்த்தது." காகிதத்தைப் பிரிக்காமலே படித்துறைக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே உடைந்தது. காகிதத்தின் ஒரு முனையைக் கிழித்து, குச்சியை மட்டும் உருவி, கை படாமல் பிளாஸ்கின் வாய்க்குள் கவிழ்த்தாள். இரண்டாவதையும் அப்படியே. மூடினாள். அவர் காதருகே வைத்துக் குலுக்கினாள்.

கலகலவென்றது.

தாலின் சூயுனைப் பார்த்தார். ஒன்பது வருஷமாக ஒரு ஜன்னல் சட்டத்துக்குள் பார்த்த முகம்தான் அது. உலையில் இரும்பின் நிறத்தைப் பார்த்தே அது எத்தனை சூடு என்று சொல்கிறவர் என்று தாலினுக்குப் பெயர் உண்டு. இவள் ஒரு சத்தத்தைக் கேட்டே அது எந்தத் தண்ணீர் என்று சொல்கிறாள். தொழில் தெரிந்தவனுக்குத் தொழில் தெரிந்தவளை எடைபோடத் தெரியும்.

"என்ன நிக்கறே? போ. கேட்டுக்கோ. முதல்ல ஆறின கஞ்சி குடு. கால் மணி கழிச்சுத்தான் இது, ஸ்பூன் ஸ்பூனா. துண்டைக் கடிக்க விடாதே, கூர்முனை குத்தும். பல்லு கூசற குளிர்ச்சி வேண்டாம், நாக்குக்கு இதமா இருந்தா போதும். சாயங்காலத்துக்கு மேல மிச்சமிருந்தா ஊத்திடு. நாளைக்குன்னு எடுத்து வைக்காதே."

"நீ?"

"எனக்கு முப்பது பேர் காத்திருக்காங்க." அதே படகில் ஏறித் திரும்பிப் போய்விட்டாள்.

சந்து முனையில் தாலின் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. வேண்டுமென்றே கல் பெயர்ந்த பக்கமாகப் பார்த்து ஓட்டினார். பிளாஸ்க் துள்ளித் துள்ளிக் கலகலத்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் மூங்கில் நாற்காலியில், கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த யாச்சின் ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டாள். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பேசினாள்.

"அப்பா, நிஜமாவே கொண்டு வந்துட்டே."

கரகரத்த, கால்வாசிக் குரல். தாலினுக்கு அது போதும்.

"யாருடைய பிளாஸ்க் இது?" என்றாள் அவர் மனைவி ஹுய்ஜென். "நம்மளுது சிவப்பாச்சே."

"அப்புறம் சொல்றேன். கஞ்சி ஆறிடுச்சா?"

கஞ்சி முடிந்தது. கால் மணி நேரம் குழந்தை பிளாஸ்கை மடியில் வைத்துக் குலுக்கிக் குலுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் கண்ணாடி டம்ளரில் ஊற்றியபோது, வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்தது. கரண்டியை நீட்டப் போன தாலின் நிறுத்தினார்.

"இரு கண்ணு. டம்ளருக்கு வேர்க்குது. அது கொஞ்சம் ஆறட்டும்."

"இது யார் சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?" என்றாள் ஹுய்ஜென். கொதிக்கக் கொதிக்கச் சூப்பை வாயில் ஊற்றி, ஐஸ் தண்ணீரை மேலே ஊற்றி அணைக்கிற மனிதரோடு பன்னிரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை தாலின் ஆலைக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. நாலு தடவை எழுந்து போன வயிறு. மூன்றாம் உலையில் ஏழு பேரில் ஐந்து பேருக்கு அதே கதை. ஜூ கொதிகலன் நிழலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான்.

"என்னடா, கல்லு மாதிரி இருக்கியா?"

"கரைஞ்சுட்டேன் மேஸ்திரி."

"நேத்து என்ன ஆச்சு? ஜன்னலை உடைச்சுட்டீங்களா?"

"எங்க உடைக்கிறது? உட்காருன்னு சொல்லிட்டுப் போச்சு, உட்கார்ந்தோம். ஒருத்தன்கூட எழுந்திருக்கலை. முக்கால் மணி நேரம். அக்கா திரும்பி வந்து, எல்லாரும் ஆறிட்டீங்களான்னு கேட்டுச்சு. இதுக்கு மேல ஆறினா விறைச்சுடுவோம்னேன். ஆனா பெஞ்சுல பதினோரு பேருக்குத்தான் இடம் மேஸ்திரி. மிச்சப் பேர் வெயில்ல தரையில."

விசிறிக்கு முன்னால் நான்கு ஐஸ் பார்களும் கத்திரிப்பூ நிறத்தில் நின்றிருந்தன. வண்டி வந்து இறங்கின உடனேயே, பழம் கழுவுகிற ஊதாப் பொடியைக் கரைத்து, நான்கின் தலையிலும் ஒரு குவளை ஊற்றிவிட்டுப் போயிருந்தாள் சூயுன். காற்று அப்படியேதான் குளிர்ந்து வந்தது, ஆனால் எவனுக்கும் கம்பியை எடுக்கத் தோன்றவில்லை. எச்சரிக்கைப் பலகையை உட்காரப் போட்டவர்களுக்கு இந்த நிறம் எழுத்தில்லாமலே புரிந்தது. தாலின் அதைச் சுற்றி வந்து பார்த்தார். சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு வலித்தது.

கருத்துப் பெட்டி பூட்டியிருந்தது. திங்கட்கிழமைக் காகிதம் உள்ளேதான் இருந்தது, எடுக்க வழியில்லை. தாலின் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தார். இன்னொரு காகிதத்தை உலைப் பதிவேட்டின் மேல் வைத்து எழுதினார். இந்த முறை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. பெட்டியில் போடுவதற்கு முன்னால் குளிர்பான அறைக்குப் போய் ஜன்னல் வழியே நீட்டினார்.

சூயுன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். 'குளிர்பான அறைக்கு முன்னால் ஒரு பெஞ்சு போதவில்லை. இன்னொரு பெஞ்சும், இரண்டுக்கும் சேர்த்து நிழலும் வேண்டும். குடிக்கக் கூடாத ஐஸை மூன்றாம் உலையில் முதலில் உடைத்தவன் நான். திங்கட்கிழமை எழுதியதும் நான்தான். வூ தாலின்.'

இரண்டு தடவை படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"கால் பிளாஸ்க் குடிச்சா. மிச்சத்தை ஊத்தச் சொன்னே, ஊத்திட்டோம். ஊத்தும்போது அழுதா, அழற அளவுக்குத் தொண்டை தேறிடுச்சு."

"உனக்கு?"

"எனக்கென்ன? ஒண்ணும் ஆகலை."

அவள் அவர் முகத்தை ஒரு பாட்டிலைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தாள். பின்னால் இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது, புதுச் சோடா பாட்டில்கள் சில்லென்று வரிசையில் நின்றன. அவள் கை அவற்றைத் தாண்டிப் போய், அடுப்போரத்திலிருந்த கெட்டிலை எடுத்தது. உப்பும் சர்க்கரையும் போட்ட வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீர் ஒரு குவளை ஜன்னலைத் தாண்டி வந்தது. கூடவே, கொதிக்க வைத்துக் காயவைத்த சிவப்புப் பிளாஸ்க்.

"இன்னிக்கு உனக்குச் சோடா கிடையாது. மெதுவா குடி."

தாலின் குவளையை வாங்கிக்கொண்டார். பெஞ்சில், இரண்டு காலும் தரையில் பட, உட்கார்ந்தார்.

"வாய் கொப்பளிச்சியா?"

"கொப்பளிச்சேன்."

"பொய்," என்றாள் சூயுன்.

அவர் எழுந்து குழாயடிக்குப் போனார்.